அப்பாவின் கோப்பையில் என்ன ஊற்றப் போகிறாய்?

தம்பி, நீ நன்றாக இருக்கிறாய் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் முகத்தைப் பார்த்தேன். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. உன் குரல் கேட்டதும் அப்பா, கடையில் பிரித்துப் போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொள்கிறார். அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் நீ ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஏன் வெள்ளிக்கிழமை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்னதை நினைவுபடுத்துகிறேன். கல்யாணம் அங்கே ஜப்பானில், ஹருகாவின் ஊர்க் கோயிலில். நீயும் அவளும் மூன்று கோப்பைகளில் மூன்று மூன்று மிடறு சாக்கே, அதாவது அவர்கள் ஊர் அரிசிச் சாராயம், குடிப்பீர்கள். அதன்பிறகு இரண்டு குடும்பத்தாரும் ஒரே நேரத்தில் கோப்பையை எடுத்து மூன்று மிடறில் குடித்தால்தான் இரு வீடும் ஒன்றானதாக அர்த்தம். "சின்னக் கோப்பைம்மா. நம்ம கோயில்ல தீர்த்தம் குடுப்பாங்கல்ல, அவ்வளவுதான் இருக்கும். அதுவும் இந்தக் குளிருக்கு நானும் ஹருகாவும் சேந்து செஞ்ச சாக்கே. அப்பா அத ஒரு வாய் குடிச்சுட்டா எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அதுக்கென்னப்பா, குடிச்சுட்டாப் போச்சு. போற எடத்துல அவங்க வழக்கப்படிதான நடக்கணும்" என்று சொல்லிவிட்டார். நீ சிரித்தாய். நீ சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். நீ போனை வைத்ததும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. வலது மணிக்கட்டில் கிடக்கும் கறுப்புக் கயிற்றை இடது கை விரலால் உருட்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

அம்மாவுக்குச் சாராயம் என்றாலே பயம், அவளுக்கு இதில் என்ன தெரியும் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நீ ஹருகா வீட்டுச் சாக்கே ஆலையில் சேர்ந்தபோது சொந்தக்காரர்களிடம் அரிசிக் கம்பெனி என்றுதான் சொன்னேன். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. நம் வீட்டுக்குள் எது வந்தாலும் அளந்து, எழுதி, கூட்டிப் பார்த்த பிறகுதான் நான் எடுத்து வைப்பேன். உன் தொழிலையும் அப்படித்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். விளக்கேற்றிச் சாமி கும்பிட்டுச் சமையலை முடித்த பிறகு, போனில் சாக்கே செய்கிற படங்களைப் போட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் படித்தேன். புரியாததை உன்னிடம் கேட்டேன். நீயும் சலிக்காமல் சொன்னாய்.

எனக்கு முதலில் கோபம் வந்தது அரிசியைத் தீட்டுவதைப் பார்த்துத்தான். உமியை நீக்கியபிறகும் விடாமல் தீட்டித் தீட்டி, ஒரு மணியில் பாதியைத் தவிடாக்கிவிடுகிறார்கள். நெல் விளைகிற ஊரில் பிறந்தவள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பாதி அரிசிய வீசிட்டு என்னடா சாப்பாடு" என்று உன்னைத் திட்டினேன். அந்த மேல்பகுதியில் இருக்கும் கொழுப்பும் சத்தும் வாசனையைக் கெடுத்துவிடும், நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டுதான் வேண்டும், தீட்டிய மாவு பிஸ்கோத்துக்கும் தீவனத்துக்கும் போய்விடுகிறது என்று நீ விளக்கிய பிறகுதான் மனம் ஆறியது. பாதிக்குப் பாதி தீட்டியது தைகின்ஜோ. அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தீட்டியது கின்ஜோ. அரிசியும் தண்ணீரும், பூஞ்சையேற்றிய அரிசியான கோஜியும் தவிர வேறெதுவும் சேராதது ஜுன்மாய். பிழிவதற்கு முன் சிறிது தனிச் சாராயம் சேர்த்து வாசனையை எழுப்பிவிடுவது வேறு வகை. பிழிந்ததைச் சூடுகாட்டி அடைத்தால் தாங்கும், சூடுகாட்டாமல் பச்சையாக அடைத்தால் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். எதைச் சில்லென்று குடிப்பது, எதை வெந்நீரில் நிறுத்தி வைத்துச் சூடாக்குவது என்பதுகூட எனக்குத் தெரியும். குடிக்கத்தான் மாட்டேன்.

கோஜி அறையை ஹருகா எனக்குப் போனில் காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆவியில் வெந்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் பச்சைப் பூஞ்சைப் பொடியைத் தூவி, துணியால் போர்த்தி, சூடு ஏறினால் கிளறி, இறங்கினால் குவித்து, அதன் பக்கத்திலேயே காவல் கிடக்கிறீர்கள். "கைக்கொழந்தையா இது, தூங்காம பாத்துக்கிட்டு கெடக்குறீங்க" என்று கேட்டேன். நீ அதை அவள் மொழியில் சொன்னதும் அவள் சிரித்து ஏதோ சொன்னாள். "பல்லு மொளைக்கிற கொழந்தையாம்மா, அதான் ராத்திரியெல்லாம் அழுவுதாம்" என்றாய் நீ. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. புளிப்பை வெளியிலிருந்து சேர்த்துச் சீக்கிரம் முடிக்கும் முறை ஒன்று, கிமோத்தோ என்று கட்டையால் இடித்து இடித்துத் தானாகப் புளிக்கவிடும் பழைய முறை ஒன்று என்று அவள் சொன்னாள். மாவு அரைத்து வைத்து அது தானாகப் பொங்கக் காத்திருக்கிறவள் நான். எந்தப் பக்கம் நிற்பேன் என்று அவள் கேட்கவே இல்லை.

இவ்வளவும் எழுதுவது, உன் தொழிலை நான் இளக்காரமாக நினைக்கவில்லை என்று உனக்குத் தெரிவதற்காக. உண்மையில் அது நல்ல பொருளாக இருப்பதுதான் எனக்குப் பயம். நம் ஊரில் ஒருவன் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடைதான் அவன் போகிற வழியில் வந்து நிற்கும். இங்கே விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு நடுவில்தான் உன் அப்பா குடியை விட்டுவிட்டு வாழ்கிறார். தாமிரக் கம்பி வாங்கப் போனால் நேர் வழியில் போகாமல் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகிறார். ஏன் சுற்றுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. நாற்றத்தோடு எதிரே வருவதை அவர் தாண்டிவிடுவார். நீ செய்தது வாழைப்பழமும் முலாம்பழமும் போல மணக்கும் என்று நீயே சொன்னாய். பழ வாசனையோடு, மகன் செய்ததாக, சாமி முன்னால் வைத்து நீட்டப்படுவதை அவர் எப்படித் தாண்டுவார், சொல்.

கயிற்றைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். முனீஸ்வரன் கோயிலில் குடியை விடுகிறவன் தனியாகப் போய்க் கயிறு கட்டிக்கொள்ள முடியாது. வீட்டுக்காரியும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்வான். கயிற்றின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, பூசாரி முடிச்சுப் போடுவார். அவிழ்ப்பதற்கும் அதே முறைதான். கல்யாணம், கருமாதி என்று ஒருநாள் உத்தரவு கேட்டு வருகிறவர்கள் உண்டு. அன்றைக்கும் முனையைப் பிடித்தவள் வந்து நின்றால்தான் முடிச்சு அவிழும். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது, உன் சித்தப்பா கல்யாணத்துக்காக அப்படி ஒருநாள் உத்தரவு வாங்கினோம். மறுநாள் மாமனார் வீட்டு விருந்து என்றார். அதற்கடுத்து யாரோ துபாயிலிருந்து வந்திருக்கிறார் என்றார். அவிழ்த்த கயிறு சாமி மாடத்திலேயே கிடந்து நைந்தது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நீ அவரை பிராந்திக் கடை வாசலிலிருந்து சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாய். டியூஷன் முடிந்து உன் வகுப்புப் பையன்கள் எதிரே வந்ததை அப்புறம் வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ வீட்டுக்கு வந்து, "அவர் செருப்பு ஒண்ணு வழியில விழுந்துடுச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதன்பிறகு அதைப் பற்றி நீ பேசியதே இல்லை. ஹருகாவிடமும் பேசியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இப்போது அவர் கையில் இருப்பது நீ ஜப்பானுக்குக் கிளம்பிய வருடம் கட்டிய கயிறு. இன்றுவரை நிற்கிறது.

நீ பேசிய மறுநாள் பூசாரி எனக்குப் போன் செய்தார். "அக்கா, அண்ணன் கோயிலுக்கு வந்தாரு. மகன் கல்யாணத்துக்கு ஒருநாள் உத்தரவு வேணும்ங்குறாரு. நீங்க இல்லாம நான் எப்படிக்கா அவுக்குறது? வெள்ளிக்கெழம உங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிருக்கேன்" என்றார். அப்பா மதியம் சாப்பிட வந்ததும் கேட்டேன்.

"முனி கோயிலுக்குப் போனீங்களாமே."

"போனேன்."

"என்னத்துக்கு?"

"அதான் அவன் போன் பண்ணிச் சொல்லிருப்பான்ல, அப்புறம் எங்கிட்ட என்ன கேள்வி. ஒருநாள்கூட வேணாம்டி. ஃப்ளைட்டு ஏறுறப்ப அவுத்துட்டு, திரும்பி வந்து எறங்குனதும் கட்டிக்கிறேன்."

"முனீஸ்வரன் என்ன அங்க ரயில்வே கேட்டா வச்சிருக்காரு, நீங்க போறப்ப தொறந்து வர்றப்ப மூடுறதுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "நான் வர மாட்டேங்க" என்றேன். "வரலன்னா இரு. நான் தனியாப் போயி நின்னு கேட்டுக்கிறேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பூசாரி இளகின மனசுக்காரர். பந்தல் போடுகிற ஒருவருக்கு, வீட்டுக்காரி வராமலேயே ஒரு தடவை அவிழ்த்துவிட்டதாகக் கேள்வி. அப்பா தனியாகப் போய்க் கெஞ்சினால் அவர் எவ்வளவு நேரம் மறுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்றது இதற்குத்தான்.

சும்மா உதட்டில் வைத்தால் போதும், விழுங்க வேண்டாம் என்று நீ சொல்லலாம். வாசனை மூக்கில் ஏறிய பிறகு உதட்டோடு நிறுத்துவது உனக்கு முடியும், எனக்கு முடியும். அவரால் முடியுமா என்று சாமி முன்னால் வைத்துச் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்வதா என்று எனக்கும் உறுத்தாமல் இல்லை. உங்கள் ஆலைக்குள் மாடம் வைத்து, புதிதாகப் பிழிந்ததை முதலில் அங்கே வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆனால் தம்பி, அங்கே இருப்பது சாமி என்றால் இங்கே கையில் கட்டியிருப்பதும் சாமிதான். ஒருவருக்குக் கொடுத்த சத்தியத்தை உடைத்துவிட்டு வா என்று இன்னொரு சாமி கேட்காது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆலையை நடத்தும் ஹருகாவின் அப்பாவிடம் போய் உண்மையைச் சொல். என் அப்பா குடித்தார், விட்டுவிட்டார், திரும்பத் தொடக் கூடாது என்று சொல். அவர் முகம் சுளிப்பார் என்று பயப்படுகிறாயா? அந்த ஆலையில் பெண்கள் உள்ளே வரவே கூடாது என்று இருந்த வழக்கத்தை மகளுக்காக மாற்றியவர் அவர். அவர் மனைவிகூட அந்தக் காலத்தில் வாசலோடு நின்றதாக ஹருகா சொன்னாள். இன்றைக்கு மகள் உள்ளே நின்று மற்றவர்களுக்கு வேலை சொல்கிறாள். அதை மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு கோப்பையில் இருப்பதை மாற்றுவதா பெரிய காரியம். இன்னொன்றும் யோசித்துப் பார். சாக்கே போடும் காலம் முழுவதும் உங்களில் யாரும் நாத்தோ சாப்பிட மாட்டீர்கள் என்றாய். அந்தப் புளித்த சோயாவில் இருக்கும் கிருமி ஒருவர் உடம்பிலோ துணியிலோ ஒட்டி வந்தாலும் கோஜி அறையே கெட்டுப் போகும் என்று, ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள்கூட வாயைக் கட்டிக்கொண்டு இருப்பீர்களாம். கொஞ்சம்தானே, ஒரு வாய்தானே என்று அங்கே யாராவது சொல்வார்களா? சொன்னால் அவர் உள்ளே விடுவாரா? எங்கள் வீட்டுக்கும் அப்படி வரக் கூடாதது ஒன்று இருக்கிறது என்று நீ ஆரம்பித்தாலே, முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிடும்.

அப்பா கோப்பையில் என்ன ஊற்றுவது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். அமசாக்கே செய்யுங்கள். அதே அரிசி, அதே கோஜி, போதை கிடையாது, குழந்தைகளுக்கும் கொடுப்போம் என்று ஹருகாதான் சொன்னாள். சாக்கே பிழிந்த சக்கையைக் கரைத்துச் செய்வதும் ஒன்று இருக்கிறதாம். அதில் போதை கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது வேண்டவே வேண்டாம். கோஜியில் செய்ததாக இருக்க வேண்டும், அதையும் உன் கையாலேயே செய். நீ செய்ததை அப்பா ஒரு வாய் குடிக்க வேண்டும் என்ற உன் ஆசையும் நிறைவேறும். இது எதுவுமே முடியாது, அவர்களிடம் சொல்ல மாட்டேன் என்றால், நாங்கள் வரவில்லை. இங்கே அம்மையார் கோயிலில் உங்கள் இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டுப் போனில் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பார்க்காவிட்டால் ஒரு நாள் அழுவேன். கயிறு அவிழ்ந்தால் எவ்வளவு நாள் அழ வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மதியம் ரசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே அப்பா, "அவங்கிட்ட நீ எதையும் சொல்லி வைக்காத" என்றார்.

"ஏன், சொன்னா என்ன?"

"சொன்னா அவன் அவங்ககிட்ட சொல்லணும். ஏன் குடிக்க மாட்டாருன்னு அவங்க கேப்பாங்க. அவன் என்னன்னு சொல்லுவான்?"

"உள்ளதச் சொல்லட்டும்."

அவர் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார். "நான் குடிச்சப்ப அவனுக்கு என்னால வெக்கம். சரி, அது ஞாயம். இப்ப விட்டதுக்கும் ஒரு தடவ வெக்கப்படணுமா புள்ள? மூணு வாயில முடிஞ்சு போற வேலைய நீ பெருசு பண்ணாத" என்றார். பிறகு சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

தம்பி, அந்த மனிதருக்குக் குடிக்க ஆசை இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டு நிறுத்தியிருப்பேன். அந்தச் சண்டை எனக்குப் பழக்கம்தான். உனக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று அவர் கயிற்றை அவிழ்க்கப் போகிறார். அதை நான் எப்படி நிறுத்துவது? அவனுக்கு உங்களால் வெட்கம் இல்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், அது நான் சொன்னதாகத்தான் இருக்கும். நீ சொல்ல வேண்டும். உனக்கு இன்னும் அந்த வெட்கம் மிச்சம் இருந்தால், அதை என்னிடம் காட்டிக்கொள், பொறுத்துக்கொள்கிறேன். அவரிடம் காட்டாதே. குடித்ததை மறைத்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. விட்டதை மறைக்காதே. வழியெல்லாம் கடை இருக்கும் ஊரில் சுற்றிப் போய்ச் சுற்றிப் போய் அவர் சம்பாதித்தது அது.

வெள்ளிக்கிழமை அவர் குளித்துவிட்டு ஒன்பது மணிவாக்கில் கிளம்புவார். அதற்கு முன்னால் கூப்பிடு. என் எண்ணுக்கு வேண்டாம், அப்பா எண்ணுக்குக் கூப்பிடு. நீங்கள் குடியை விட்டவர் என்று மாமனாரிடம் சொல்லப் போகிறேன், சொல்லட்டுமா அப்பா என்று கேள். ஆலையில் நின்றுகொண்டே கேள். பக்கத்தில் யார் இருந்தாலும் குரலைத் தாழ்த்தாதே.

அம்மா